மணிக்கட்டுப் பருமன்

கண்ணாடிக்காரர் என்றால் அந்தக் குடியிருப்பில் அவர் ஒருவர்தான். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி, பாதி ஊருக்குப் பார்வை கொடுத்தவர். கடையை மூடிவிட்டு ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனார். சும்மா இருக்கத் தெரியாதவர்களைத் தேடிப் பிடிக்கும் பதவி அது.

அப்போது தெருவுக்குத் தெரு மரம் விழுந்துகொண்டிருந்தது. கார் நிறுத்த இடமில்லை, இலை கொட்டுகிறது என்று ஆளுக்கொரு சாக்கு. இந்த நிழலை நம்பித்தான் கண்ணாடிக்காரர் கடனை உடனை வாங்கி இங்கே வீடு கட்டினார். சங்கக் கூட்டத்தில் சட்டைக் கையை மடித்து, மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார்.

“இந்தப் பருமன் வந்துட்டா அது மரம். அப்புறம் சங்கத்தைக் கேக்காம யாரும் கை வைக்கக் கூடாது.”

“உங்க கை ரொம்ப ஒல்லி சார். என் கையை வெச்சு அளந்தா நாங்க தப்பிச்சுக்குவோம்,” என்றார் எதிர்வீட்டுப் பல் டாக்டர். அவர் ஆள் உரல் மாதிரி இருப்பார். கூட்டம் சிரித்தது, சிரித்தபடியே கையையும் தூக்கிவிட்டது. சட்டம் நிறைவேறியது.

அதன்பின் ஒரு மரம்கூட விழவில்லை. அனுமதி கேட்டு வந்தவர்களுக்குக் காபி கிடைத்தது, அனுமதி கிடைக்கவில்லை. சாயங்காலம் கண்ணாடிக்காரர் கிளைகளை அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார், படையைப் பார்வையிடும் ராஜா மாதிரி. அண்ணாந்தே நடந்ததுதான் கோளாறு.

ஒரு மழைக்காற்றில் அவர் வாசலில் நின்ற பெரிய மரம் சாய்ந்தது. மறுநாள் வெயில், அழைக்காத சம்பந்தி மாதிரி கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. போகட்டும், எங்கேயாவது இளசாக ஒன்று முளைத்திருக்கும், பெயர்த்து வந்து வைக்கலாம் என்று கிளம்பினார். முதல் தடவையாகக் குனிந்து பார்த்து நடந்தார். சுவரோரம், சாக்கடையோரம், எங்கும் ஒன்றுமில்லை. மணிக்கட்டு இருக்கட்டும், விரல் பருமனில்கூட இல்லை. தாத்தாக்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் கல்யாண வீடு போல நின்றன மரங்கள்.

“ஏம்மா, இங்க சின்ன மரமே இல்லையே, கவனிச்சியா?”

“எப்படி இருக்கும்? முளைக்கும்போதே எல்லாரும் பிடுங்கிடுறாங்களே,” என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே.

“யாரு?”

“யாரு இல்லைன்னு கேளுங்க. விட்டா மணிக்கட்டு ஆயிடும், அப்புறம் உங்க கால்ல விழணும்.” கத்தி நின்றது. “நானும்தான்.”

“நீயா?”

“தண்ணித் தொட்டி ஓரமா முளைக்குது. வேர் போனா சுவர் பிளந்துடும். ஊருக்கே முடியாதுன்னவரு, பொண்டாட்டிக்கு மட்டும் சரின்னுடுவீங்களா? நீங்க கூட்டத்துக்குப் போற நேரமாப் பார்த்துப் பிடுங்கிடுவேன்.”

கோபப்பட்டுப் பார்த்தார், வரவில்லை. வெட்டுகிறவர்களை நிறுத்தியிருந்தார், வளர விடுகிறவர்களையும் சேர்த்தே நிறுத்தியிருந்தார். மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரம் முழங்கைவரை ஓடுமளவுக்கு அது இளைத்திருந்தது.

கடையில் ஒரு கன்று வாங்கி, விழுந்த மரத்தின் குழியிலேயே நட்டார். மறுநாள் காலை குழி காலி. கன்று ஒரு தொட்டியில், அவர் வாசற்படியில் இருந்தது. பக்கத்தில் பல் டாக்டரின் மருமகள்.

“தப்பா நினைக்காதீங்க மாமா. மரம் விழுந்ததுலேருந்து அங்கதான் எங்க கார் திரும்புது. தொட்டியில இருந்தா பெருசாகாது பாருங்க. உங்களுக்கும் கவலை இல்ல, எங்களுக்கும் பயமில்ல.”

“அந்தச் சட்டத்தையே எடுத்துடறேன்மா.”

“ஐயோ, எடுத்துடாதீங்க! அதாலதானே மாமா இந்த ஏரியாவுக்கே பேரு!”

அவள் போனபின் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெயில் ஏற ஏறச் சுவரோரம் ஒண்டினார்.

“மண்டை காயுது, உள்ள வாங்க,” என்று மனைவி கூப்பிட்டாள்.

“இரு, இதையும் நிழலுக்குத் தள்ளிட்டு வரேன்,” என்றார் கண்ணாடிக்காரர், தொட்டியை அணைத்துத் தூக்கியபடி. எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.