இடப்பக்கம் வளர்ந்த பூஞ்சை

நம்பினால் நம்புங்கள், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அஸ்தம்பட்டியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. நோய் தருகிற பூஞ்சைகளைத் தட்டில் வளர்த்து, புற ஊதா விளக்கு காட்டினால் எது சாகிறது, எது தாங்குகிறது என்று பார்ப்போம். வெளுத்தவை சீக்கிரம் செத்துவிடும். கருப்பானவை தாங்கும், அந்தக் கருப்புதான் அவற்றுக்குக் குடை. சில கருப்புப் பூஞ்சைகள் அணுக்கதிர் வரும் பக்கமாகவே வளருமாம், எங்கள் மேடம் சொல்வார்.

மோகனூரில் என் அண்ணனுக்கு வலக்கண்ணில் கரும்புத் தோகை கிழித்துவிட்டது. எங்கள் பக்கம் கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால் விடுவார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் வாங்கி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கண்ணில் சுரண்டி எடுத்ததை வளர்த்தது நான்தான். கருகருவென்று வந்தது.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். "எடப்பக்கமா வந்து உக்காரு சாமி. அப்பத்தான் எனக்குத் தெரியும்" என்றார். அப்படியே உட்கார்ந்தேன். பூஞ்சை மூளைக்கு ஏறி, அடுத்த வாரமே போய்விட்டார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தேன். அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை, கை மட்டும் வேலை செய்தது. மற்ற தட்டுகளோடு அவருடைய தட்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். பெட்டியில் விளக்கு வலப்பக்கம், என் நாற்காலி இடப்பக்கம். மற்றவை செத்தன, இல்லை வட்டமாக வளர்ந்தன. அண்ணனுடையது மட்டும் என் நாற்காலியைப் பார்த்து நீண்டிருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன், சில நாளில் மறுபடியும் என் பக்கமே வந்தது. மேடத்திடம் காட்டினேன். கதிரைத் தேடிப் போவது உண்டு, இது விளக்குக்கு முதுகைக் காட்டுகிறதே என்றார். நீராவியில் போட்டு அழித்துவிடச் சொன்னார்.

அண்ணனைக் கொன்றது அதுதான். ஆனாலும் அவர் உடம்பிலிருந்து வந்ததில் உயிரோடு மிச்சம் இருந்தது அது ஒன்றுதானே. நீராவிப் பாத்திரத்தில் வைத்து மூடும்போது, "வாரேண்ணா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் யாரும் போறேன் என்று சொல்வதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய பூஞ்சையை வளர்த்துவிட்டேன், ஒன்றுகூட என் பக்கம் திரும்பியதில்லை. நாற்காலியை இன்னும் நகர்த்தவில்லை. அண்ணனிடம் வாரேன் என்று சொல்லியிருக்கிறேன், எங்கே என்றுதான் தெரியவில்லை.