உபதேசியார் திறக்காத மண்டபம்

ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ஆற்றின் வடகரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது நல்லாயன்புரம். அந்த ஊர்க் கோயிலுக்கு பர்னபாஸ்தான் உபதேசியார். ஊரார் ஐயர் என்று அழைக்கும் குருவானவர் நாலைந்து ஊர்களுக்குப் பொதுவானவர் என்பதால் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது, பிரசங்கம் செய்வது, சீக்காளி வீட்டுக்குப் போவது, சாவு வீட்டில் பாட்டு எடுத்துக் கொடுப்பது எல்லாம் உபதேசியாரின் பாடு.

பர்னபாஸ் பிழைக்க வழியில்லாமல் அந்த வேலைக்கு வந்தவர் இல்லை. வாலிபத்தில் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கைதேர்ந்த ஆளாக இருந்தார். ஒரு நாள் மத்தியானம், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 'என் வேலைக்கு வா' என்று உள்ளே ஒரு சொல் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் திரும்பப் போகவில்லை. அன்று முதல் அந்தச் சொல்லின் அடையாளம் அவருக்குத் தெரியும். அது சத்தமாக வராது. யோசித்தும் வராது. வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது வந்து நிற்கும். 'இன்னார் வீட்டுக்குப் போ' என்று வரும். ஒருமுறை அப்படிப் போன வீட்டில், வீட்டை விட்டுக் கிளம்புவதற்குப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓவென்று அழுதாள். அவள் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

இதையெல்லாம் அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. மனைவி ஃபிளோராவுக்கு மட்டும் தெரியும்.

ஊரில் சண்டை வந்தது மண்டபத்தால். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, மேட்டில், எல்லாரும் கை கொடுத்துக் கட்டிய கல்யாண மண்டபம் அது. ஊரிலேயே மாடி உள்ள ஒரே கட்டடம். கட்டி முடித்ததும், மண்டபத்தை யாருக்கு விடுவது என்பதைச் சபைச் செயலாளர் ஞானசிகாமணி தன் கையில் எடுத்துக்கொண்டார். வாழைத்தார் வியாபாரி, பெரிய இடத்துப் பழக்கம் உள்ளவர். அதே சபையைச் சேர்ந்த, பள்ளத்தில் இருக்கும் ஓடைத்தெரு ஜனங்கள் கல்யாணத்துக்குக் கேட்டால் மட்டும் அது காலியாக இருக்காது. அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்குப் போட்ட மறு வாரம் ஞானசிகாமணி உபதேசியாரைக் கூப்பிட்டார்.

"வழக்க வாபஸ் வாங்குத வரைக்கும் ஓடைத்தெருவுக்கு நீரு ஜெபத்துக்குப் போவாண்டாம் வே. ஐயருக்கும் இதே எண்ணந்தான். கோயில்லயும் அவனுவ பேரச் சொல்லி ஜெபிக்காண்டாம்."

"சீக்குல கெடக்கவங்க இருக்காங்களே, அண்ணாச்சி."

"சீக்குக்கு ஆஸ்பத்திரி இருக்கு. ஒமக்குக் குருப்பட்டம் குடுக்கணும்னு நான் மேல எழுதி வச்சிருக்கேன். அதையும் கொஞ்சம் மனசுல வச்சுக்கிடும்."

பர்னபாஸுக்கு வெகுநாள் ஆசை அது. வெள்ளை அங்கி போட்டுப் பலிபீடத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர் ஆசையாக நினைக்கவில்லை, அழைப்பு என்றே நினைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகளுக்கான ஜெபத்தில் ரோசம்மாளின் பெயர் வந்த இடத்தில் மூச்சு வாங்குவதுபோல நிறுத்தி, அடுத்த பெயருக்குப் போனார். இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்த ஓடைத்தெருக் கிழவி அவள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபிளோரா கேட்டாள்.

"ரோசம்மா சித்திய விட்டுட்டிய?"

"சமாதானத்துக்காகத்தான். கொஞ்ச நாளுதான."

"ஒங்களுக்குள்ள என்ன சொல்லிச்சி?"

உள்ளே ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. அன்றிலிருந்து, விடியலில் முழங்காலில் நிற்கும்போது, ஆளில்லாத வீட்டில் பேசுவதுபோல இருந்தது. அதிசயமாக, பிரசங்கம் மட்டும் முன்னைவிட நன்றாக வந்தது. "ஒம்ம வாயில இப்பம் ஒரு வல்லமை இருக்கு வே" என்று ஞானசிகாமணியே சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. சனிக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. ஆராதனைக்குப் பாதி ஜனம்கூட வரவில்லை. முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கலங்கல் நிறமாக இருந்தது. மழைத் தண்ணீர் அந்த நிறத்தில் இருக்காது. ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏறுகிறது என்று பர்னபாஸுக்குப் புரிந்தது. மதில்மேல் இரண்டு சாரைப்பாம்புகள் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடந்தன. ஆள் வந்தும் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக் கழற்றும்போது அது வந்தது. பல மாதம் கழித்து, அதே சொல்.

'மண்டபத்தைத் திற. ஓடைத்தெருவுக்குப் போ.'

அவர் உடம்பு சிலிர்த்துவிட்டது. சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. கைவிடப்படவில்லை என்று நினைத்தார். மண்டபத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது. பெருக்கித் துடைக்கத் திறந்து விடுபவர் அவர்தான்; வேலை முடிந்ததும் அது செயலாளரிடம் திரும்பிவிடும் என்றே ஊரார் நினைத்திருந்தார்கள். மண்டபமும் அவர் வீடும் ஒரே மதிலைப் பகிர்ந்தவை. வேறு சட்டையை மாட்டி, சாவியை அதன் பையில் போட்டுக்கொண்டு, வாசல்வரை போனவர், 'ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்' என்று போனை எடுத்தார்.

ஞானசிகாமணி பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருந்தார்.

"திறந்து விட்டீருன்னா அங்கனயே குடியேறிருவானுவ. நாளைக்கு எங்க அனுபவத்துல இருக்குன்னு கோர்ட்டுல சொல்லுவான். தாசில்தார் சொல்லட்டும், திறப்போம். மழை விட்டுரும் வே, பதறாதியும்."

"தண்ணி ஏறுது, அண்ணாச்சி."

"நீரு என்ன, என் பேச்சக் கேப்பீரா, மாட்டீரா?"

"கேக்கேன்."

போனை வைத்துவிட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தார். 'ஆண்டவரே, ஓடைத்தெரு ஜனங்களைக் காத்துக்கொள்ளும், ரோசம்மாளைக் காத்துக்கொள்ளும்' என்று பெயர் பெயராகச் சொல்லி மன்றாடினார். கண்ணீரோடுதான் மன்றாடினார். போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல், போகச் சொன்னவரிடமே பேசிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கம்பிக் கதவை உலுக்கும் சத்தம் கேட்டது. பாத்திரங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்த ஃபிளோரா வந்து அறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, மண்டபத்துல யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கு. சாவி ஒங்ககிட்டதான இருக்கு?"

"காத்து அடிக்கி."

"காத்து இல்லங்க. பிள்ளை அழுத சத்தம் கேக்கு."

"நான் ஜெபத்துல இருக்கேன், ஃபிளோரா."

அவள் வெளியே ஓடிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. மழைதான் இருந்தது.

வந்து போனவன் ரோசம்மாளின் மகன் சுஜின். மனைவி ஊரில் இல்லாததால் இரண்டு பிள்ளைகளையும் தோளிலும் இடுப்பிலுமாகத் தூக்கிக்கொண்டு வந்தவன், மண்டபம் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். அது தூரம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து மாடியில் விட்டுவிட்டு அம்மாவைத் தூக்க அவன் திரும்பி வந்தபோது, மேலே குளம் உடைந்திருந்தது. ஓடைத்தெருவுக்குப் போகும் பாதையே இல்லை. வெள்ளத்தின்மேல் வாழை மரங்கள் வேரோடு மிதந்து போய்க்கொண்டிருந்தன.

பொழுது சாயுமுன்னே தண்ணீர் சற்று உயரத்தில் இருந்த மேலத்தெருவுக்கும் வந்துவிட்டது. இப்போது எல்லாரும் மண்டபத்துக்கு ஓடி வந்தார்கள். நாலைந்து ஆண்கள் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். பர்னபாஸ் அவர்கள் நடுவே நின்றார். சாவி சட்டைப் பையில் இருந்தது. இப்போது எடுத்தால், இவ்வளவு நேரம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். பூட்டு லேசில் விடவில்லை. ஆனாலும் கை பைக்குள் போகவில்லை. ஃபிளோரா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கடப்பாரையைப் பார்க்காமல் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு ரோசம்மாளை எடுத்தார்கள். கட்டிலோடு சுவர் மூலையில் ஒதுங்கிக் கிடந்தாள். அடக்கத்தைப் பர்னபாஸ்தான் நடத்தினார். கல்லறைத் தோட்டத்தில் சேறு முழங்கால் அளவு. சுஜின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பிள்ளையள மொதல்ல கொண்டு போன்னு அம்மதான் சொன்னா. உபதேசியாரு மண்டபத்தத் திறந்து வச்சிருப்பாரு, சட்டுன்னு விட்டுட்டு வந்துருவ, போ லேன்னு சொன்னா."

பர்னபாஸ் வாயைத் திறந்தார். சுஜினே மேலே பேசினான்.

"சாவி செயலாளர் கையில பாளையங்கோட்டையில இருந்துச்சாமே. நேத்து அதிகாரிமாரு வந்து கேட்டப்பம் அவரே சொன்னாரு. ஒங்ககிட்ட இருந்திருந்தா திறந்திருப்பிய. எனக்குத் தெரியாதா?"

முந்தின நாள் விசாரிக்க வந்தவர்களிடம் ஞானசிகாமணி அப்படித்தான் சொன்னார். ஊரில் இல்லாதவர்மேல் பழி இல்லை. சாவி இல்லாதவர்மேலும் பழி இல்லை. "அப்படித்தான, உபதேசியாரே?" என்று திரும்பிக் கேட்டபோது, பர்னபாஸ் தலையை ஆட்டியிருந்தார். இப்போது குழியின் ஓரத்தில் அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். அதைச் செய்யச் சொல்லி எந்தச் சொல்லும் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரிந்தது. மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, பாட்டு எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பெரிய சபைக்கு ஐயராகப் போனார். மகள் ரீபாவுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் கூடி வந்தது. எந்தத் தண்டனையும் வரவில்லை. வரும் என்று அவர் காத்திருந்தார். உடம்பில் சிறு வலி வந்தால்கூட, இதோ வந்துவிட்டது என்று ஏறக்குறைய ஆறுதலோடு டாக்டரிடம் போவார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். பிரசங்கத்துக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "ஆண்டவர் இன்னைக்கு எங்கூடப் பேசினாரு, ஐயரே" என்பார்கள். அவர் அவர்களைப் பொறாமையோடு பார்ப்பார்.

வீட்டில் ஃபிளோரா சமைத்தாள், சிரித்தாள், பெண்கள் கூட்டத்துக்குப் போனாள். குடும்ப ஜெபத்தில் அவர் ஜெபித்து முடிக்கும்போது மட்டும் ஆமென் சொல்லமாட்டாள். முழங்காலிலிருந்து எழுந்து பாயைச் சுருட்டுவாள். ஒரு நாள் அவரே கேட்டார்.

"எம்மேல ஒனக்கு என்ன கோவம்?"

"கோவம் இல்லங்க. பயம். சுஜின்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. அவன் அடிச்சாலும் சரி, வேல போனாலும் சரி. சொல்லிட்டு வாங்க."

சுஜின் கத்தாருக்குப் போகப்போகிறான், காயல்பட்டினத்து ஆள் ஒருவர் விசா எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் பர்னபாஸ் கிளம்பினார். வழி முழுவதும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார். ஓடைத்தெருவில் புது வீடுகள் எழும்பியிருந்தன. அவரைக் கண்டதும் சுஜின் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். அந்தத் தெருவே திரண்டுவிட்டது. அவன் மனைவி காபி கொண்டு வந்தாள். பிள்ளைகள் அவர் காலடியில் உட்கார்ந்தன.

"சுஜின், ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொல்லுங்க ஐயரே. அதுக்கு முன்னால ஒரு ஜெபம் பண்ணிருங்க. நாளைக்குக் கிளம்புதேன். அம்ம இருந்தா ஒங்களத்தான் கூப்பிட்டிருப்பா."

எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். பர்னபாஸ் சுஜினின் தலையில் கை வைத்தார். வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. பயணத்துக்காக, பாலைவனத்து வெயிலுக்காக, பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்காக, கர்த்தருக்குள் நித்திரையான தாய்க்காக. சுஜின் குலுங்கிக் குலுங்கி அழுதான். தெருவே அழுதது. ஆமென் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு சாப்பாடு போட்டார்கள். ஏதோ சொல்ல வேண்டும் என்றீர்களே என்று சுஜின் கேட்டான்.

"நல்லா இரு, அவ்வளவுதான்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆறு வெயிலில் அமைதியாகக் கிடந்தது. கொஞ்சம் முன்னால் தான் என்ன ஜெபித்தோம் என்று நினைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், இவரது வெள்ளைக் கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட்டு, "ஐயரே, எம் மகளுக்காகக் கொஞ்சம் ஜெபிச்சிக்கிடுங்க" என்றார். பர்னபாஸ் கண்ணை மூடினார். உதடுகள் தாமாக அசையத் தொடங்கின.