வேப்பங்கொத்துக் கட்டிய முகாம்

கிளோட் கோபக்காரர். மட்டக்களப்பு டவுனில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அவருடைய செத்தவீட்டிலும் அதையே சொன்னார்கள். ஏன் கோபம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்; பறங்கிக் கிறிஸ்தவர். சுனாமிக்குப் பிறகு வாகரையில் கிணறு கிணறாகக் குளோரின் போட்டார். மணக்குது என்று சனம் இறைத்து ஊற்றியது. மறுபடி போட்டார். மறுபடி இறைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஏழில் அதே சனம் சண்டைக்குத் தப்பி வந்து தன்னாமுனைப் பக்கத்து முகாமில் கிடந்தது. அங்கே கொப்புளிப்பான் அம்மை பரவியது. அம்மாள் வந்த இடத்தில் வேப்பங்கொத்துக் கட்டுவார்கள். வேற்றாள் உள்ளே போகமாட்டார். நல்ல வழக்கம் என்று கிளோட்டே மெச்சினார். ஒரு கிழமைக்குள் முகாம் முழுக்க வேப்பங்கொத்து!

பெடியன்களை ஆயுதக் குழுவில் சேர்க்கப் பிடிக்க வருகிறவர்கள் நோய்க்குப் பயந்து கொத்துக் கட்டிய கூடாரத்தை எட்டியும் பார்ப்பதில்லை. சங்கதி அதுதான்.

கிளோட்டுக்குத் தலை வெடித்தது. மேனுகா என்ற பெண்ணுக்கு நிறைமாதம். நோய் இல்லாத பக்கம் அவளை மாற்றவேண்டும். எது நோய், எது நாடகம்? உள்ளே போய்ப் பார்க்கவும் முகாம் பெண்கள் விடவில்லை.

"மீன் திண்ட வாயோட அம்மாளிட்ட வரலாமா ஐயா?"

மறுநாள் மீன் தொடாமல், தலைமுழுகி, சமையல் நேரம் பார்த்து வந்தார். மூக்கை நீட்டிக்கொண்டு நடந்தார். அம்மாள் வந்த வீட்டில் தாளிக்கவும் மாட்டார்கள், பொரிக்கவும் மாட்டார்கள். கொத்துக் கட்டியதில் பொரியல் மணக்காத கூடாரம் மூன்றுதான். உள்ளே போய்ப் பார்த்தார், மூன்றிலும் கொப்புளம். மேனுகாவை முகாமின் மறு அந்தத்துக்கு மாற்றினார்.

வரும் வழியில் அன்னப்பூரணியின் கூடாரம். வாசலில் கொத்து, அடுப்பில் வாவி மீன் பொரியும் சட்டி, பின்னால் மகன் நிலோஜன்.

"ஆருக்கு அம்மாள்?"

"மகனுக்கு, ஐயா."

"அம்மாள் ஜப்பான் மீன் பொரியலோ கேட்டவ?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "கொத்த அவிழ்க்கச் சொல்லாதீங்க ஐயா. மூத்தவனக் கடல் கொண்டு போயிட்டு. இவன் ஒருத்தன்தான் மிச்சம்."

"அவிழ்க்கச் சொன்னனா? சட்டிய இறக்குங்க! என்ட மூக்குக்குத் தெரிஞ்சது பிடிக்க வாறவங்கட மூக்குக்குத் தெரியாதா? குளோரின் மட்டுந்தான் உங்களுக்கு மணக்குமோ?"

பிறகு கூடாரம் கூடாரமாய்ப் போய்ப் பொரியலை நிறுத்தினார்.

"பறங்கி ஐயாவுக்கு எங்கட அம்மாளில என்ன பக்தி!" என்று பின்னால் ஒருத்தி சிரித்தாள். தாளிக்காத சொதியையே திண்டு சாவதா என்று பெடியன்கள் முணுமுணுத்தார்கள்.

"சொதி திண்டு ஒருத்தனும் சாகல்ல," என்று கத்திவிட்டு, கிளோட் அடுத்த சட்டியை இறக்கப் போனார்.