பில்டருக்கு இடமில்லை

பில்டர் உள்ளே போகவில்லை.

டெய்லரம்மா கார் அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். இடது கையில் டார்ச். வலது கையில் புது ஆயில் பில்டர், சின்ன டப்பா மாதிரி. அதைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், கீழிருந்து நுழைத்துப் பார்த்தாள். எந்த வழியில் கொண்டுபோனாலும் புது பைப் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அரை விரல் இடம் போதவில்லை.

"ஏங்க..." என்றாள். 

"என்ன, பதிமூணாம் நம்பர் ஸ்பேனரா?" கணவர் குனிந்து பார்த்தார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை.

"பில்டர் போகலைங்க. இடமே இல்ல."

"அதெப்படி இல்லாம போகும்? போன வாரம் வரைக்கும் அங்கதானே இருந்துச்சு?"

அவளுக்கும் அதுதான் புரியவில்லை. வெளியே நகர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். அவள் வெட்டிய துணி ஒரு தடவை கூட அளவு தப்பியதில்லை. பதினாறு வயதில் மெஷினில் உட்கார்ந்தவள், இன்றைக்கு நாற்பத்தொன்பது. தொழிற்சாலை யூனிபார்ம், கோட்டு, பள்ளிக்கூட உடுப்பு என்று தெருவில் பாதிப் பேர் உடம்பு அவளுக்கு மனப்பாடம். யாருக்கு இடது தோள் இறக்கம், யாருக்குத் தொப்பை ஏறுகிறது என்பது அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடும்.

கார் ஆசை நாற்பதுக்கு மேல் வந்தது. யூனிபார்ம் கொடுக்கப் போன தொழிற்சாலைக் கொட்டகையின் பின்னால், கொடி படர்ந்து கிடந்த இந்த இரண்டு கதவு பழைய காரைப் பார்த்தாள். அவள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஓடத் தொடங்கிய வண்டி. "எடுத்துட்டுப் போனா எங்களுக்கு இடம் மிச்சம்" என்றார் மேனேஜர். எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அட்டை கிழிந்த கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு, தையலைப் பிரித்துப் படிப்பது போல ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். நான்கு வருடத்தில் வண்டி ஓடியது.

அப்புறம்தான் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் கட்டி விரிசல் விட்டது. அந்தப் பழைய பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடையில் செய்து விற்கும் 'ஹெட்டர்' கிடைத்தது: வளைந்து நெளிந்து இறங்கும் நான்கு பைப்புகள், கடைசியில் ஒன்றாகச் சேரும். "இந்த வண்டிக்குன்னே செஞ்சது, கண்ணை மூடிட்டு மாட்டலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்துகொண்டே இரண்டு ஞாயிறு பாடுபட்டு மாட்டினாள்.

ஹெட்டர் கடைக்கு போன் போட்டாள்.

"பில்டரா? அதை முதல்ல மாட்டிட்டு அப்புறம்தாம்மா ஹெட்டரை மாட்டணும்," என்றார் கடைக்காரர் சாவகாசமாக.

"சரி. அடுத்த தடவை ஆயில் மாத்துறப்போ?"

"அப்போ ஹெட்டரைக் கழட்டிட்டு பில்டரை மாத்தணும்."

"நாலு பைப்பையுமா?"

"நாலும் ஒண்ணா ஒட்டினதுதானேம்மா!"

போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "ஒரு பட்டன் மாத்த முழு கோட்டையும் பிரிக்கச் சொல்றாருங்க."

அன்று மாலை அவள் செய்ததை இன்றும் உதிரிபாகக் கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோட்டுக் காலருக்குள் வைக்கும் விறைப்பான கேன்வாஸை வெட்டி, பில்டர் போலவே உருளையாகத் தைத்தாள். கார் அடியில் போய் அதை அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, நுழையும் வரை விளிம்பைப் பிடித்துப் பிடித்துக் குறைத்தாள். மறுநாள் பழைய பில்டர் ஒரு கையில், கேன்வாஸ் உருளை ஒரு கையில் என்று உதிரிபாகக் கடையில் போய் நின்றாள். "மரை இது மாதிரி இருக்கணும். உடம்பு இதுக்குள்ள போகணும்." கடைக்காரர் திறந்த வாயை மூடவில்லை. இருபது பில்டருக்கு அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். ஏதோ ஒரு சின்ன வேனுக்கான குட்டை பில்டர் கச்சிதமாக உட்கார்ந்தது.

மாட்டினாள். பைப்புக்கும் பில்டருக்கும் நடுவில் இரண்டு நாணயம் நுழையும் இடம். வாசலில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கணவரைக் கட்டிப்பிடித்ததில் அவர் சட்டையெல்லாம் கிரீஸ்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்திருந்தார். கணவரின் அக்கா. மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் இருபத்தாறு வருட நர்ஸ். சொல்லுக்குச் சொல் கணக்குப் பார்க்கிறவர். காரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "துணி தைக்கிற கையால இரும்பைத் தொட்டா ரெண்டும் கெடும்" என்பது அவர் கட்சி. தம்பி கெஞ்சியதால் பின் சீட்டில் ஏறினார்.

ஊருக்கு வெளியே ஒரு நீண்ட ஏற்றத்தில், பாதி தூரத்தில், காரமான ஒரு நாற்றம் வந்தது. டெய்லரம்மா எதிரே பார்த்தாள். ஆயிலுக்கான சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. பானெட் இடுக்கிலிருந்து ஒரு நூல் புகை; அடுத்த நொடி அது திரையாகக் கண்ணாடியை மூடியது.

ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். "இறங்குங்க! இறங்குங்க!"

இரண்டே கதவு. பின்னால் இருப்பவர் இறங்க முன் சீட்டை மடக்க வேண்டும். கணவர் இறங்கிவிட்டார், ஆனால் சீட்டின் கொக்கி அவர் கைக்கு அகப்படவில்லை. கை தடவிக்கொண்டே இருந்தது. கீழே, சக்கரத்தின் பக்கத்தில், மஞ்சளாக ஏதோ நாக்கு நீட்டியது. டெய்லரம்மா காரைச் சுற்றி ஓடிவந்து அவரைத் தள்ளிவிட்டு, கொக்கியை இழுத்து, நாத்தனாரின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

பின்னால் வந்த பஸ் நின்றது. டிரைவர் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரோடு ஓடிவந்தார். "மூடியைத் திறக்காதீங்க! தள்ளி நில்லுங்க!" முன் சல்லடை வழியாகவும் அடியிலிருந்தும் பீய்ச்சினார். வெள்ளைப் பொடி பறந்தது. புகை வெளுத்தது, மெலிந்தது, நின்றது.

டெய்லரம்மாவுக்குத் தன் மூச்சுச் சத்தம் வேறு யாருடையதோ போல் கேட்டது. நாத்தனார் ஒற்றைச் செருப்போடு நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறுதலுக்கு என்று நினைத்தாள். நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு ஆறியதும் டிரைவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "பில்டர் அடியில இருக்கிற ரப்பர் வெந்து வெடிச்சிருக்கு. ஆயில் நேரா பைப் மேல அடிச்சிருக்கு. யாரு மாட்டினது?"

"நான்தான். ஆனா தொடலையே! ரெண்டு காசு இடைவெளி விட்டிருந்தேன்."

"தொடணுமா என்ன? மேடு ஏறும்போது இந்தப் பைப் கொல்லன் உலை மாதிரிம்மா."

அவள் தன் கையைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருடம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை அது. நைலான் துணி, பெட்டி பக்கத்தில் வந்தாலே சுருண்டுவிடும், தொட வேண்டியதில்லை. அது தெரியாதா அவளுக்கு? இடத்தை அளந்தாள், சூட்டை அளக்கவில்லை. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அளவெடுத்துவிட்டு, தன் வீட்டு ஆட்களை அதில் ஏற்றியிருக்கிறாள்.

அதற்கப்புறம் பத்து நாள் அவளால் கத்தரிக்கோலைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஒரு கோட்டுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவிட்டாள். வெட்டிய துணியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடினால் கணவரின் கை சீட்டில் தடவிக்கொண்டே இருந்தது.

ஹெட்டர் கடைக்கு மட்டும் ஒரு போன் போட்டாள். நடந்ததைச் சொல்லி, வாங்கிய மற்றவர்களுக்கும் சொல்லச் சொன்னாள். "நிறைய பேருக்குக் குடுத்திருக்கேம்மா," என்றார் கடைக்காரர். "யாரும் திரும்பக் கூப்பிட்டதே இல்ல. நல்லா ஓடுதுன்னுதானே நினைச்சேன்." அவர் குரலும் சரியில்லை. பட்டியல் எடுத்துக் கூப்பிடுகிறேன் என்றார்.

காரை விற்றுவிடலாம் என்றாள் கணவரிடம். அது முடிவாகும் முன்பே, மறு வாரம் நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"மூடியைத் திற. பார்க்கணும்."

"எதுக்கு அண்ணி?"

"திறன்னா திற. என்னைக் கொல்லப் பார்த்தது எதுன்னு நான் பார்க்க வேணாமா?"

கருகிய இடத்தை டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். ஆயில் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டார். டெய்லரம்மா சொன்னாள்: பம்ப் தள்ளும், பில்டர் சலிக்கும், சுத்தமானது எஞ்சினுக்குத் திரும்பும்.

"இவ்வளவுதானா?" நாத்தனார் நிமிர்ந்தார். "அப்போ பில்டரை ஏன் அந்தப் பொந்துக்குள்ளயே மாட்டிட்டு அழுறே? ரெண்டு டியூப் போட்டு வெளிய எடு. ஒண்ணுல போகட்டும், ஒண்ணுல திரும்பட்டும். நாங்க தினம் ரத்தத்தையே அப்படித்தான் சலிக்கிறோம். மனுஷன் உடம்புக்கு வெளியதான் பில்டர் தொங்குது."

டெய்லரம்மா டார்ச்சை வாங்கி ரேடியேட்டர் பக்கம் அடித்துப் பார்த்தாள். கணவர் கையிலிருந்த டீ சாய்ந்து காலில் கொட்டியது; அவர் காலை நகர்த்தவில்லை.

உதிரிபாகக் கடைக்கு மூவருமாகப் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் உள்ளே போய் தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பில்டர் இருந்த இடத்தில் மாட்ட ஒரு தட்டையான வட்டு, சூடான ஆயிலைத் தாங்கும் இரண்டு குழாய், வேறு இடத்தில் பில்டரைத் தொங்கவிட ஒரு தாங்கி.

"இது இருந்துச்சா?" என்றாள் டெய்லரம்மா.

"எப்பவுமே இருக்கே!"

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"நீங்க குட்டை பில்டர்தானேம்மா கேட்டீங்க. அதுவும் சட்டை தைச்சு எடுத்துட்டு வந்து..."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

தாங்கியை ரேடியேட்டர் பக்கத்தில், பைப்புகளை விட்டு முழக்கணக்கில் தள்ளி மாட்டினார்கள். தீ தாங்கும் துணியில் குழாய்களுக்கு உறை தைத்தாள் டெய்லரம்மா. பல நாளுக்குப் பிறகு அளவு தப்பாமல் போட்ட தையல். நாத்தனார் போகும் குழாயில் சிவப்பு நூலும் திரும்பும் குழாயில் நீல நூலும் கட்டினார். "மாத்தி மாட்டினா கதை முடிஞ்சுது" என்று மூன்று தடவை சரிபார்த்தார்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. சிவப்பு விளக்கு அணையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. கணவர் இரண்டடி பின்னால் போனார்.

"அணைச்சிடவா அண்ணி?"

"இரு! காலி டியூப் நிரம்ப வேணாமா?"

விளக்கு அணைந்தது.

நாத்தனார் குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றினார். ஒரு கறை இல்லை. அப்புறம் உறை போட்ட குழாயின் மேல் புறங்கையை வைத்து, ஜுரம் பார்ப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டார். டெய்லரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழுறதை அப்புறம் வச்சுக்கோ," என்றார் நாத்தனார் கண்ணைத் திறக்காமலே. "இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதி. பிரஷர் ஏறினா என்ன ஆகுதுன்னு பார்க்கணும்."