கறுப்புத் தாளில் மடித்த திருநீறு

காலையில் பழனி பேருந்தில் கொடுத்தனுப்பிய பொட்டலம் மாலையில் என் மேசைக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்த நடத்துநர் முருகேசன் அதை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "வாங்க ஆள் இல்லீங்க டாக்டரம்மா. யோகராணியக்கா விடியக்கால தவறிட்டாங்களாம். மாரடைப்பு." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முந்தின நாள்தான் போனில் என்னை அப்படித் திட்டியிருந்தார். திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருந்த மனுஷி எப்படிப் போவார் என்று முருகேசனிடமே சண்டைக்கு நின்றேன். பாவம், அவர் என்ன செய்வார்.

பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் யோகராணிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்குக்கூட அவருடைய வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. நான் கொடைக்கானலில் தோல் மருத்துவர். படர்தாமரையோடு வருகிறவர்களின் தோலை மெல்லச் சுரண்டி, அந்தச் செதிலைக் கறுப்புத் தாளில் மடித்து அனுப்புவேன். வெள்ளைச் செதில் கறுப்பில்தான் கண்ணுக்குப் படும். பழனியில் இரண்டே அறை கொண்ட ஆய்வகத்தில் யோகராணி அதிலிருந்து பூஞ்சையின் டி.என்.ஏ.வைப் பிரித்து, பெருக்கி, வாசித்து, இன்ன பூஞ்சை என்று சொல்வார். "மைக்ராஸ்கோப்புல பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி எல்லாம் ஒரே சாடை டாக்டர். உள்ள எழுதியிருக்கிறத வாசிச்சாத்தான் யாரு எவருன்னு பிடிபடும்" என்பார்.

மழைக்காலத்தில் நான் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிட்டால் அன்று எனக்குப் பூசைதான். "என்னத்துக்கு டாக்டர் பிளாஸ்டிக்கு? உள்ள வேர்த்து, கண்ட கிருமியும் குடியேறிக் கெடக்கு." இங்கே மூடுபனி எப்படி இருக்கிறது தெரியுமா என்று நான் தொடங்கினால், "சும்மா கதைக்காம இன்னொரு தாளச் சுத்துங்க" என்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெற்றோரின் பேச்சு, கோபம் வந்தால் அவர் வாயில் எட்டிப் பார்க்கும். அதைக் கேட்பதற்காகவே சில நாள் வேண்டுமென்றே வாயாடியிருக்கிறேன்.

பஞ்சவர்ணத்தின் கதையைச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாகும். எங்கள் மலையில் கூக்கால் கிராமத்தில் பூண்டு, கேரட் விளைவிக்கிற குடும்பத்து மருமகள். கழுத்திலும் கைகளிலும் வட்ட வட்டமாகப் படர்ந்திருந்தது. வெயில் காலத்திலும் சால்வையை எடுக்கமாட்டாள். ஏற்கெனவே பல இடங்களில் மாத்திரை வாங்கியாயிற்று, குறையவில்லை. கூட வந்த கணவன், "ஒழுங்காத் திங்கிறதில்லீங்க. எங்கயோ வீசிட்டுப் பொய் சொல்றா. இதுதான் கடைசி. இனி அவ ஆத்தா வீட்டுக்குப் போகட்டும், பிள்ளைய நாங்க வச்சுக்கிறோம்" என்றான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "தின்னேங்க. ஒருநாக்கூட விடலங்க" என்றாள். அவளிடமிருந்து சுரண்டியதை மடித்து அனுப்பிவைத்தேன்.

அந்தப் பொட்டலத்துக்குத்தானா அப்படி நடக்கவேண்டும்! முருகேசன் அப்போது இந்தத் தடத்துக்குப் புதிது. நான் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பிய மடித்த தாளைப் பூம்பாறைக் கோயில் திருநீறு என்று நினைத்துவிட்டார். வழியில் பிரித்து, பக்தியோடு நெற்றி நிறையப் பூசிக்கொண்டு பழனியில் போய் இறங்கினார். பிரித்த தாளையும் அவர் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்த யோகராணி, ஒரு வார்த்தை திட்டாமல் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவ வைத்தாராம். பிறகு எனக்குப் போன். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கணவன் அவளை மறுபடி கூட்டிவர மாட்டான். "கத்தாதீங்க டாக்டர். மடிப்புல கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு. பூஞ்சைய வளர்த்துப் பார்க்கத்தான் பத்தாது. என் வேலைக்கு இது போதும்."

போதுமாகத்தான் இருந்தது. வழக்கமான மாத்திரைக்கு அசையாத வகைப் பூஞ்சை அது. சாதாரண வகையோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. முடிவைத் தாளில் அனுப்பினால் போதுமே என்றேன். "அந்த வீட்டுல அத யாரு வாசிப்பா?" என்று, இருக்கிற ஒன்றிரண்டு பேருந்தில் ஒன்றைப் பிடித்துக் கூக்காலுக்கே வந்தார். நானும் போனேன். வீட்டில் எல்லோரையும் பார்க்கவேண்டும் என்றார். மாமியாருக்கு இடுப்பில் அதே படை. வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தார்.

"அப்ப இவகிட்டயிருந்துதான அம்மாவுக்கு வந்துச்சு?" என்றான் கணவன்.

"யாருகிட்டயிருந்து யாருக்குன்னு என் மெஷின் சொல்லாது தம்பி. அந்த மாத்திர இதுக்குக் கேக்காது, அத மட்டும் சொல்லும். தின்னேன்னு இவ சொல்றா. நம்பாம இருக்க இனி உங்களுக்கு என்ன காரணம் இருக்கு?"

பஞ்சவர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வீடு முழுவதற்கும் வேறு மருந்து தொடங்கினோம். ஆற நாளாயிற்று, ஆனால் ஆறியது. அவள் எங்கேயும் போகவில்லை.

யோகராணியின் இறுதிச் சடங்குக்குக் கூக்காலிலிருந்து பஞ்சவர்ணம் வந்திருந்தாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. சால்வை இல்லை. அந்தக் கைகளை அன்றுதான் வெளியில் பார்த்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கே உடைந்துவிட்டது எனக்கு.

திரும்பி வந்த பொட்டலத்தை மதுரையில் வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அதற்குரிய நோயாளியும், மருந்தெல்லாம் சாப்பிட்டேன், யாரும் நம்பவில்லை என்கிறவர்தான். நேற்றுக் காலை இன்னொரு தாளைச் சுற்றி, பழனியில் மதுரைப் பேருந்தில் ஏற்றிவிடச் சொல்லி முருகேசனிடம் கொடுத்தேன். இத்தனை வருடமும் ஒவ்வொரு முறையும், "பூசிக்க மாட்டேங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் வாங்குவார். நேற்றும் சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு நெற்றியைத் துடைத்தபடி நின்றார்.

"வந்தவங்க சொல்றத நம்பிட்டுத் தேடுங்க டாக்டர்" என்று யோகராணி அடிக்கடி சொல்வார். அவர் விட்டுப்போனதில் அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். முடிவுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நோயாளியிடம் போய், "நீங்க சொன்னத நம்புறேன், கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன்.