தேய்ந்த பிரேக் கட்டைகள்

சூலியா தெருவில் ஜபருல்லாவைத் தெரிந்தவர்கள் ஒன்று சொல்வார்கள். அவன் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு, ஆள் ஏறி வந்த சைக்கிளின் சக்கரத்தைத்தான் பார்ப்பான். சலாமுக்குப் பதில் சொன்ன கையோடு, "பின் சக்கரத்துல ஒரு கம்பி தளர்ந்திருக்கு" என்பான். அதற்கு மேல் அவனிடமிருந்து பேச்சு வராது.

பதினாறு வயதில் ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்தவன். வந்த மூன்றாம் நாளே மாமன் ஒருவர் அவனை அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்க விட்டார். வாரத்துக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை, இடையிடையே கல்யாண அழைப்பு, கப்பல் விளம்பரம். பதினொரு வருஷமாக ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக நிறுத்துவதே அவன் ஜீவனம். வாயைத் திறக்காமலே ஒரு நாளைக் கழித்துவிடலாம் என்பதால் அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது.

யூசுப் அதற்கு நேர்மாறு. அவனும் அதே கப்பலில் வந்தவன்தான். பிட் தெருவில் ஒரு துணிக்கடையின் வெளி ஆள். மாதிரித் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆர்டர் பிடிப்பவன். மூடிய கதவோடும் அவன் கால்மணி நேரம் பேசுவான்.

1929-இல் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு, பினாங்கு ரோட்டுச் சீனர் கடையில் கைமாறி வந்த ஒரு சைக்கிளை வாங்கினார்கள். கனத்த கறுப்பு இங்கிலீஷ் வண்டி. ஞாயிறு முதல் வெள்ளி வரை அது யூசுப்புக்கு; சனிக்கிழமை ஜபருல்லாவுக்கு. யூசுப் நெட்டை, ஜபருல்லா குட்டை. அதனால் சீட்டுக் கம்பியில் ஜபருல்லா அரத்தால் இரண்டு கோடு கீறி வைத்தான். சீட்டை ஏற்றிக் கம்பியின் கீழ்க்கோடு தெரிந்தால் யூசுப்பின் உயரம்; இறக்கி மேல்கோட்டோடு நிறுத்தினால் ஜபருல்லாவின் உயரம். வண்டியை ஒப்படைக்கும்போது அடுத்தவன் கோட்டுக்குச் சீட்டை மாற்றி வைத்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். இது அவர்களுக்குள் ஒரு மரியாதை.

மற்ற வேலைகளையும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். ஸ்பானரை யூசுப் கையால் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஜபருல்லா வண்டியைக் குப்புறக் கவிழ்த்துச் செயினைக் கழற்றித் தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போடுவான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பான். வாயால் ஆகவேண்டிய காரியம் யூசுப்புடையது. ஒருமுறை விளக்கில்லாமல் போனதற்கு மாத்தா-மாத்தா பிடித்து நிறுத்தியபோது, ஜபருல்லா வேர்த்து நின்றான். யூசுப் அந்தப் போலீஸ்காரரோடு மலாயில் பேசிச் சிரித்து, கடைசியில் அவர் கையாலேயே விளக்கைப் பற்றவைக்கச் செய்துவிட்டான்.

"சைக்கிளுக்கு நீ, வாய்க்கு நான்" என்பான் யூசுப். "நம்ம ரெண்டு பேரையும் சேத்தாத்தான் மச்சான் ஒரு முழு ஆளு."

சனிக்கிழமைதான் ஜபருல்லாவின் நாள். அன்று காலை பத்திரிகை வெளிவரும்; கோப்பவர்களுக்கு விடுப்பு. அவன் நாற்பது பிரதிகளை மெழுகுத் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டுவான். கைலியை முழங்காலுக்கு மடித்துச் செருகுவான். பையில் ஸ்பானர், பஞ்சர் ஒட்டும் ரப்பர், சொலூஷன், உப்புத்தாள், எண்ணெய்க் குப்பி. பெடலில் தண்ணீர்ப் போத்தல் இடிக்காதபடி கயிற்றில் ஒரு சுருக்கு. ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் வரை சமநிலம். அதற்குப் பிறகு கெந்திங் மேடு. இறங்கித் தள்ளவேண்டும். உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தால், ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே பாலிக் புலாவ் வரைக்கும் இறக்கம். காற்று கைலிக்குள் புகுந்து பந்தாய் ஊதும். அந்த இறக்கத்துக்காகவே ஆறு நாளும் ஈயத்தைப் பொறுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

நாற்பது பிரதியும் அவனாகச் சேர்த்த வாடிக்கை. மளிகைக் கடை அய்யாக்கண்ணு, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், கணக்கெழுதும் தோட்டக் கிராணிகள் இருவர், இப்படி. பத்திரிகையை வைப்பான், தலையை அசைப்பான், போய்விடுவான். அதற்குள் அவர்கள் வண்டியில் ஏதேனும் தளர்ந்திருந்தால் முடுக்கிக் கொடுத்திருப்பான்.

1931 முடிகிற சமயம் அவன் விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கின. வயிற்றில் அடிக்கடி பிடித்து இழுத்தது. டிரஸ்ஸர் அவன் ஈறை விலக்கிப் பார்த்தார். நீலக் கோடு ஒன்று ஓடியிருந்தது.

"ஈயம் தம்பி. இந்த வேலைய விட்டுடணும். விடலைன்னா ரெண்டு மூணு வருஷத்துல கை ஒங்க பேச்சக் கேக்காது."

அதே சமயம் அச்சுக்கூடத்து முதலாளி, பாலிக் புலாவில் நிரந்தர ஏஜெண்டு ஒருவரை வைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பத்திரிகையோடு புத்தகமும் காகிதமும் விற்க ஒரு சின்னக் கடை, பின்பக்கம் குடியிருக்க ஓர் அறை. ஜபருல்லா அந்த அறையை மனதுக்குள் கட்டி, அதில் மனைவி நூர் பீவியைக் குடிவைத்து, வாசலில் சைக்கிள் சாய்க்க ஓர் இடமும் பார்த்துவிட்டான். அவளிடம் அவன் மூச்சு விடாமல் இத்தனை சொன்னது அதுதான் முதல் தடவை.

"மொதலாளிகிட்ட கேட்டீங்களா?" என்றாள் நூர் பீவி.

"யூசுப்ப விட்டுக் கேக்கச் சொல்லிருக்கேன்."

"ஒங்க கைக்குத்தானே நோவு. வாய்க்கு என்ன வந்துச்சு?"

முதலாளியின் மேசைக்கு முன்னால் நிற்பதை நினைத்தாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யூசுப்போ, "இதெல்லாம் ஒரு விசயமாலா? மொதலாளிக்கு நல்ல நேரம் பாத்துச் சொல்றேன். நீ போயிக் கெடுத்துறாதே" என்று தோளில் தட்டிவிட்டுப் போயிருந்தான்.

நோன்புப் பெருநாளுக்கு ஜபருல்லா புதுப் பிரேக் கட்டைகள் போட்டான். அந்த ரப்பர்க் கட்டை ஒரு தகரக் கூட்டுக்குள் உட்காரும். கூட்டின் ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் மூடியிருக்கும். மூடிய பக்கம் எப்போதும் முன்னால் இருக்கவேண்டும். பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் கட்டையை முன்னால் இழுக்கும். கட்டை அந்த மூடிய பக்கத்தில் முட்டி நிற்கும். மாற்றிப் போட்டால் முதல் இறக்கத்திலேயே கட்டை நழுவி ரோட்டில் விழுந்துவிடும்.

டவுனில் பிரேக்குக்கு வேலை குறைவு. சனிக்கிழமை இறக்கம் ஒன்றைத் தவிர வேறு தேய்மானம் கிடையாது. ஒரு ஜோடி எட்டு மாசம் வரும். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள், இரண்டே மாசத்தில், கட்டைகள் பாதியாகத் தேய்ந்திருந்தன. மண்ணெண்ணெய்த் தட்டின் அடியில் வழக்கத்தைவிடக் கெட்டியாகச் செம்மண் படிந்தது.

துடைத்த துணியை அலசப் போன நூர் பீவி அதை விரித்துக் காட்டினாள்.

"இது டவுன்ல ஓடுற சைக்கிளுங்களா?"

"ஆயிர் ஈத்தாம் பக்கம் துணி விக்கப் போயிருப்பான். அங்கேயும் செம்மண்ணுதான்."

"பிரேக்கு?"

"சப்பான் ரப்பர். மட்டமான சாமான்."

அவளுக்குச் சொல்லிவிட்டுத் தனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டான். பிறகு பழைய கட்டைகளைக் கழற்றி எறிந்து, புதியவற்றைச் சரியான பக்கம் பார்த்துப் போட்டான். செயினுக்கு எண்ணெய் விட்டான். நண்பன் வழியில் எங்கும் நின்றுவிடக்கூடாதே என்று, வழக்கத்தைவிட ஒரு சொட்டுக் கூடவே விட்டான்.

மூன்று மாசம் கழித்து ஒரு புதன்கிழமை, முதலாளியின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு அவன் மேசைக்கு வந்தது. அந்த வாரப் பத்திரிகையில் வரவேண்டிய அறிவிப்பு. கோப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டுக் கோப்பதில்லை. ஒரு சொல்லைப் பார்ப்பார்கள், கை எழுத்தைத் தேடிப் போகும். 'நமது பாலிக் புலாவ் ஏஜெண்டாக' என்பது வரை கை தானாக ஓடியது. முதலாளி இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் தெரிவிப்பார் போலும் என்று நினைத்தான். 'ஜனாப்' கோத்தான். 'யூ' என்ற எழுத்தை எடுத்து வைத்தான். 'சு' வைத்தான். 'ப்' இருந்த குழிக்குள் விரலை விட்டபோதுதான் தான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

அறிவிப்பை முழுதும் கோத்து முடித்தான். பிழை ஒன்றும் இல்லை. பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாகத் தானாக முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"நீயா? நீ கேக்கவே இல்லையேப்பா" என்றார் முதலாளி. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "ஒனக்கு எழுத்து மேசைய விட மனசில்லன்னு யூசுப் சொன்னானே. அங்கே உள்ளவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த மனுவக் கொண்டாந்தான். இந்தா, பாரு."

நாற்பதில் முப்பத்திரண்டு பேர் கையெழுத்து இருந்தது. முதல் பெயர் அய்யாக்கண்ணு.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வழக்கம்போல வண்டியை உருட்டிக்கொண்டு யூசுப் வந்தான். சீட்டு ஜபருல்லாவின் கோட்டுக்கு இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் ஜபருல்லாவுக்கு அதிகம் வலித்தது. ஒவ்வொரு வாரமும் கெந்திங் மேட்டுக்குப் போய்வந்துவிட்டு, இதை மட்டும் ஒருமுறைகூட மறக்காமல் செய்திருக்கிறான்.

"கேள்விப்பட்டிருப்பே" என்றான் யூசுப்.

"நாந்தான் கோத்தேன்."

யூசுப் வண்டியைச் சுவரோரம் சாய்த்தான். பிறகு வழக்கமான குரல் வந்துவிட்டது. "இதக் கேளு மச்சான். அந்த ஏஜெண்டு வேல பேச்சு வேல. நீ போயி ஒவ்வொருத்தன்கிட்டயும் சந்தா கேட்டு நிப்பியா? ரெண்டே மாசத்துல மொதலாளி கடைய மூடிருவாரு. ஒனக்கும் இல்ல எனக்கும் இல்லன்னு போயிரும்."

"என் கை மரத்துப்போவுதுன்னு ஒனக்குத் தெரியும்."

"நான் அங்க காலூனிட்டா ஒன்னயும் இழுத்துக்கிற மாட்டேனா?"

"பாலிக் புலாவுக்குப் பொதங்கிழமை போவியா? திங்களும் உண்டா?"

யூசுப் கண்ணை விலக்கிக்கொண்டான். "யாரு சொன்னா?"

"பிரேக்குக் கட்டை."

நூர் பீவி கதவுக்குப் பின்னால் நிற்பது இருவருக்கும் தெரிந்தது. யூசுப் சைக்கிளின் கைப்பிடியைத் தடவினான். "நாளைக்குக் காலைல நான்தான் பத்திரிகைய எடுத்துட்டுப் போவணும். வண்டி வேணும். ஒன் பங்குக்கு என்னன்னு பின்னாடி பேசிக்குவோம்லா. இப்பக் கொஞ்சம் பிரேக்கு மட்டும் பாத்துக் குடுத்துரு. பிடிக்கவே மாட்டேங்குது."

ஜபருல்லா உள்ளே போய் ஒரு ஜோடிப் புதுக் கட்டையும் ஸ்பானரும் எடுத்து வந்தான். அவற்றை யூசுப்பின் கையில் வைத்தான்.

"நீயே போட்டுக்க."

யூசுப் சிரிக்கப் பார்த்தான். எதிரில் சிரிப்பு இல்லாததைக் கண்டு குந்தி உட்கார்ந்தான். நட்டை முதலில் தப்பான பக்கம் திருகினான். ஸ்பானர் நழுவி விரல் முட்டி உரிந்தது. வியர்த்து வழிய அரைமணி நேரம் போராடினான். ஜபருல்லா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முன் சக்கரத்தில் இரண்டு கூடுகளையும் யூசுப் முடுக்கி முடித்தபோது, இரண்டின் திறந்த பக்கமும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானே?" என்றான் யூசுப், கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே. "இதுக்கா இம்புட்டு நாளா பெருமையடிச்சிக்கிட்டே?"

பிரேக்கை அழுத்திப் பார்த்தான். நின்ற வண்டியில் நன்றாகவே பிடித்தது.

ஜபருல்லா எதுவும் சொல்லவில்லை. வாய்க்கு யூசுப், சைக்கிளுக்கு அவன். அந்த ஏற்பாட்டை உடைத்தது யூசுப். சொல்லாமல் நிற்பதற்கு அவனுக்கு முழு உரிமை இருப்பதாகத்தான் பட்டது. யூசுப் வண்டியை வாசலைத் தாண்டி உருட்டினான். வலது காலைத் தூக்கிப் போட்டான்.

"நில்லு" என்றான் ஜபருல்லா.

ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு தெருவிலேயே மண்டியிட்டான். கட்டைகளைக் கழற்றினான், கூடுகளைத் திருப்பினான், மூடிய பக்கம் முன்னால் வர வைத்து முடுக்கினான். விரலுக்கு நட்டின் முனை தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் முடுக்கவேண்டியிருந்தது.

யூசுப்பின் குரல் இளகியது. "எனக்குத் தெரியும் மச்சான். ஒன்னால என் மேல கோவப்பட முடியாதுன்னு நான் பாலிக் புலாவ் ஆளுங்ககிட்டயெல்லாம் சொன்னேன்."

"ஒனக்காக இல்ல. எறக்கம் முடியிற எடத்துல பள்ளிக்கூடம் இருக்கு."

எழுந்து நின்றான். யூசுப் சீட்டைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான். அது இன்னும் குட்டையன் கோட்டிலேயே இருந்தது. ஏற்றி வைப்பான் என்று சிறிது நேரம் காத்து நின்றான். ஜபருல்லா ஸ்பானரைப் பையில் போட்டு முடிச்சிட்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

அந்தச் சீட்டில் உட்கார்ந்து, முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடிக்க, காலை அகட்டி அகட்டி மிதித்துக்கொண்டு யூசுப் சூலியா தெரு முழுவதும் போனான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நூர் பீவி சிரிக்கவில்லை. தகரத் தட்டிலிருந்த மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

திங்கட்கிழமை காலையில், அச்சாகி முடிந்த பக்கங்களின் எழுத்துகளைப் பிரித்து, அவற்றின் குழிகளில் போடும் வேலை. ஜபருல்லா அந்த அறிவிப்பையும் பிரித்தான். 'யூ' அதன் குழிக்குப் போயிற்று. 'சு' போயிற்று. 'ப்' மட்டும் கையில் இருப்பதாக எண்ணிக் குழிக்கு மேலே விரலை விரித்தான். ஒன்றும் விழவில்லை. குனிந்து பார்த்தான். அந்த எழுத்து எப்போதோ விரலிடுக்கிலிருந்து நழுவி, அவன் காலடியில் கிடந்தது.