தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் வந்தவன்

கோலார் சுரங்கத்தை விட்டு, மெட்ராஸ் மில் ஒன்றிலும் நிலைக்காமல், நான் பெங்களூர் வந்து சேர்ந்தபோது கிடைத்த வேலை அல்சூர் ஜட்கா வண்டி ஸ்டாண்டில் குதிரை தேய்ப்பது. வெள்ளைக்காரன் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. படுக்கை லாயத்தில். சாப்பாடு, ஜோகுபாளையத்தில் இருந்த ஜட்காக்காரர் வீட்டில்.

ஒரு சாயங்காலம் மூன்று சிப்பாய்கள் பெரிய டிரங்குப் பெட்டியோடு வந்தார்கள். குதிரை நொண்டிக்கொண்டிருந்தது. மேட்டில் இவ்வளவு பாரம் இழுக்காது என்றார் ஜட்காக்காரர். வாய்த் தகராறு முற்றியது. ஒருவன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வீசினான். பித்தளைக் கொக்கி அவருடைய இடது கண்ணில் பட்டது. நான் குதிரைக்கு மறுபக்கம் நின்றேன். பெல்ட் சுழன்றதைப் பார்த்தேன், வீசியவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்.

கண் போய்விட்டது. போலீஸ் வழக்கு எழுதி, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்பியது. அதற்குள், அவன் எங்கள் ஆள், நாங்களே விசாரிக்கிறோம் என்று பட்டாளத்து அதிகாரி வழக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டாண்டில் பலர் இதை நல்லது என்றார்கள். பட்டாளத்தில் வாய்தா கிடையாது, உடனே தண்டனை என்று. ஜட்காக்காரரின் மனைவி மட்டும் ஒப்பவில்லை.

"சிட்டி கோர்ட்டுன்னா நாங்க பத்துப் பேரு வந்து பின்னாடி நிப்போம். அங்க கேட்டுக்குள்ள எங்கள விடுவானா? உங்களுக்கு ஒண்ணு புரியலன்னா யார கேப்பீங்க?"

"நடந்தத சொல்றதுக்கு யார கேக்கணும்?" என்றார் அவர். அடித்தவன் ஜெயிலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

முகாமில் எங்கள் இருவரையும் வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சற்று நேரத்தில் அந்தச் சிப்பாயை இருவர் நடுவில் நடத்திக்கொண்டு போனார்கள். தலையில் தொப்பி இல்லை. இடுப்பில் பெல்ட் இல்லை. கைதி போல முன்னால் பார்த்தபடி போனான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆபீஸ் சேவகனுக்கு வேலை போனால் முதலில் கழற்றி வாங்குவது டவாலியையும் பெல்ட்டையும்தான். ஜட்காக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா தம்பி? வேலைய புடுங்கிட்டானுங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. "புடுங்கட்டும்ணே. நீ பேச்ச மாத்தாத" என்றேன்.

 அவர் கட்டுப் போட்ட கண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அந்தச் சிப்பாயின் சொந்த கமாண்டர். அவர்தான் நீதிபதியும். ஒரு தமிழ் ஹவில்தார் மொழிபெயர்த்தார். பார்த்ததைச் சொன்னேன். மூவரில் யார் கை என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். கதவருகே நிற்கச் சொன்னார்கள். இனி எல்லாம் ஜட்காக்காரர் வாயில்தான் இருந்தது.

அவர் உள்ளே வந்து சிப்பாயையே பார்த்தார். பையனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. வெறும் இடுப்போடு விறைத்து நின்றான். அடித்தது இவனா என்று ஹவில்தார் கேட்டார்.

"இருட்டுற நேரம் சாமி. மூணு பேரும் ஒரே மாதிரி இருந்தாங்க. யாருன்னு சொல்ல முடியல."

கமாண்டர் இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். அதே பதில்தான்.

வெளியே வந்ததும் ஜட்காக்காரர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சோத்துல மண்ணு விழுந்துடுச்சு அவனுக்கு. ஜெயில் வேற எதுக்கு?"

கேட்டை நோக்கி நடந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்தச் சிப்பாய் வராந்தாவில் நின்று தொப்பியைச் சரிசெய்தான். பக்கத்தில் இருந்தவன் பெல்ட்டை நீட்ட, வாங்கிக் கட்டிக்கொண்டான். ஹவில்தார் எங்களைத் தாண்டிப் போனார். நான் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"விசாரணைக்கு நிக்கிறவன் தொப்பி, பெல்ட் போடக் கூடாதுப்பா. அது இங்க ரூல். விசாரணை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"அப்ப அவனுக்கு வேலை?"

"வேலைக்கு என்ன? நாளைக்கு டூட்டி."

ஜட்காக்காரர் திரும்பி வராந்தாவைப் பார்த்தார். மறுபடி உள்ளே போய்ச் சொல்லலாமா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றார் ஹவில்தார்.

பிறகு நான் பல ஊர்களில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்கும் போயிருக்கிறேன். அங்கே வாய்தாவிலேயே ஆள் தேய்ந்துபோவான். ஆனாலும் அங்கே பின்வரிசையில் யாராவது ஒருவன் குனிந்து, இதெல்லாம் ஒரு வழக்கம்யா, நீ உண்மையைச் சொல்லு என்று காதில் போட்டிருப்பான். முகாம் கேட்டுக்குள் எங்களுக்கு அப்படி ஒருவன் இல்லை.

அன்று வீட்டில் ஜட்காக்காரரின் மனைவி, என்ன சொன்னீங்க என்று கேட்டார். அவரோ குதிரைக்குத் தண்ணீர் வைக்கப் போனார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.